குறுக்குக் காற்றும் விமானியின் வரம்பும்

சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் மாந்தோப்புகள் மிகுந்த ஊர். சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்தபின் மொகிலி மலைச்சாலையில் ஏறி மைசூர்ப் பீடபூமியை அடைகிறது. தென்மேற்குப் பருவம் வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று அப்பீடபூமியின் விளிம்பைத் தாண்டி இப்பகுதியின் மீது வீசும். மரத்தில் முற்றிய காய் உதிர்ந்துவிடுமோ என்று தோப்புக்காரர் கவலைப்படும் காலம் அது. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததும் இக்காற்றைக் கண்டுதான்.

அம்மி பறப்பது பழமொழியின் மிகை. ஆனால் சுமார் ஓராயிரம் கிலோகிராம் எடையே உள்ள சிறு விமானம் ஒன்று ஓடுபாதையை நெருங்கி இறங்கும் வேளையில் இக்காற்று பக்கவாட்டில் மோதுமாயின், அது விமானத்தைப் பாதையினின்றும் ஒதுக்கித் தள்ளிவிடும் என்பது மிகையன்று. எவ்வளவு குறுக்குக் காற்றில் இறங்கலாம், எப்பொழுது இறங்காமல் திரும்பிவிட வேண்டும் என்ற வினாவுக்கு விடையாகப் பலரும் விமானத்தின் கைந்நூலில் அச்சிட்டிருக்கும் ஓர் எண்ணையே காட்டுகின்றனர். அவ்வெண் உண்மையில் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதை விளக்குவதும், விமானியின் வரம்பு அவ்வெண்ணினின்றும் வேறாக, தரையில் இருக்கும்போதே வகுக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இது விமானிகளுக்கு மட்டுமே உரிய செய்தி என்று ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இன்று விமானப் பயிற்சி பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கென 2021-இல் பெலகாவி, ஜள்காவ், கலபுரகி, கஜுராஹோ, லீலாபாரி ஆகிய ஐந்து நிலையங்களில் இடம் ஒதுக்கிற்று. அடுத்த ஆண்டு சேலம், கடப்பை முதலிய நிலையங்களும் இவ்வரிசையில் சேர்ந்தன. வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதை நாடி வரும் இளைஞர்களுள் பலர் நம் ஊர்ப் பள்ளிகளில் பௌதிகமும் கணிதமும் கற்றவர்களே. காற்றைப் பற்றிய முதற்பாடம் அவர்களுக்கு விமானத்தில் ஏறிய பின்னர்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை.

காற்றும் ஓடுபாதையும்

விமானம் இயன்றவரை காற்றை எதிர்த்தே இறங்கும். எதிர்க்காற்று தரையைச் சார்ந்த வேகத்தைக் குறைக்கிறது. ஆதலால் குறைந்த தொலைவில் விமானம் நின்றுவிடுகிறது. பறத்தல் தொடங்கிய காலத்தில் இது எளிதாக இருந்தது. அன்றைய இறங்குதளங்கள் பெரும்பாலும் நாற்புறமும் திறந்த புல்வெளிகள். காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் விமானி அத்திசையை நோக்கியே இறங்கலாம். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் ஏற்றி வந்து பம்பாயின் ஜுஹூவில் இறங்கிய பஸ் மாத் விமானம் அத்தகைய காலத்தைச் சேர்ந்தது. விமானங்கள் எடையிலும் வேகத்திலும் வளர்ந்தபின் கெட்டித் தளமிட்ட நீண்ட பாதை இன்றியமையாததாயிற்று. பாதை போடப்பட்டதும் திசை நிலையாகிவிட்டது, காற்றோ நிலையாகவில்லை. குறுக்குக் காற்று என்னும் சிக்கல் இவ்வாறுதான் பெரிதாயிற்று.

பாதையை எத்திசையில் அமைப்பது என்பதைப் பல ஆண்டுக் காற்றுப் பதிவுகளைக் கொண்டு தீர்மானிக்கின்றனர். ஆண்டின் நேரத்தில் 95 விழுக்காடேனும் குறுக்குக் காற்று ஒரு குறித்த அளவுக்கு மேற்படாமல் இருக்கும் வகையில் பாதைகள் அமைய வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. அவ்வளவு நீண்ட பாதைகளுக்கு 20 நாட். நடுத்தரப் பாதைகளுக்கு 13 நாட். 1,200 மீட்டருக்குக் குறைந்த பாதை போதுமான சிறு விமானங்களுக்கு 10 நாட். நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்.

தென்னிந்தியப் படத்தை விரித்துப் பார்த்தால் இவ்விதியின் விளைவு புலப்படும். ஓடுபாதையின் முனைகளுக்கு இடப்படும் எண், அது நோக்கும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பது. திருச்சியிலும் மதுரையிலும் பெங்களூரிலும் பாதையின் பெயர் 09/27. அதாவது நேர் கிழக்கு மேற்கு. திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவில் 08/26. சென்னையின் முதன்மைப் பாதை 07/25. ஆண்டின் ஒரு பகுதியில் மேற்கும் தென்மேற்கும், மற்றொரு பகுதியில் கிழக்கும் வடகிழக்கும் காற்று வரும் நாட்டில் பாதைகள் இவ்வாறு அமைந்தது இயல்பே. சென்னையில் 12/30 என இரண்டாவது பாதையும் உண்டு. பிற்பகலில் தென்கிழக்குச் சார்ந்து வரும் கடற்காற்றுக்கு அது ஏற்றது.

ஆயினும் எல்லா நிலையங்களும் இவ்வரிசையில் நிற்பவை அல்ல. மலை, ஊர், நிலத்தின் சரிவு முதலியவை திசையை மாற்றச் செய்கின்றன. கடப்பையின் பாதை 11/29. சேலத்தின் பாதை 04/22. பயிற்சி விமானங்கள் பறக்கும் இவ்விரண்டையும் திருப்பதியோடு ஒப்பிட்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு காற்று, மூன்று பாதைகள்

நேர் மேற்கிலிருந்து, அதாவது 270 பாகையிலிருந்து, 15 நாட் காற்று வீசுவதாகக் கொள்வோம். பாதைக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் மதிப்பால் காற்றின் வேகத்தைப் பெருக்கினால் குறுக்குக் கூறு கிடைக்கும்.

திருப்பதியில் 26 என்னும் பாதையில் இறங்கினால் கோணம் 10 பாகை. குறுக்குக் கூறு 2.6 நாட். கடப்பையில் 29 என்னும் பாதையில் கோணம் 20 பாகை. குறுக்குக் கூறு 5.1 நாட். சேலத்தில் 22 என்னும் பாதையில் கோணம் 50 பாகை; குறுக்குக் கூறு 11.5 நாட். காற்று ஒன்றே, விமானமும் ஒன்றே. ஆயினும் திருப்பதியில் அது மாணவர் பொருட்படுத்தத் தேவையில்லாத காற்று. சேலத்தில் அனுபவமுள்ளவரையும் சிந்திக்க வைக்கும் காற்று. '15 நாட் காற்றில் நான் இறங்கியிருக்கிறேன்' என்று ஒருவர் கூறுவதில் பொருளே இல்லை என்பது இதனால் விளங்கும். எந்தப் பாதையில், எந்தக் கோணத்தில் என்பதையும் சேர்த்துக் கூறினால்தான் அது அனுபவமாகும்.

விமானத்தில் அமர்ந்து சைன் அட்டவணையைப் புரட்ட முடியாது. அதற்கெனக் கடிகார முறை ஒன்று வழங்கிவருகிறது. கோணத்தைக் கடிகாரத்தின் நிமிடமாகக் கொள்ள வேண்டும். 15 பாகை கால் மணி. காற்றில் கால் பங்கு குறுக்காக வீசும். 30 பாகை அரை மணி, அரைப் பங்கு. 45 பாகை முக்கால் மணி, முக்கால் பங்கு. 60 பாகையும் அதற்கு மேலும் முழுமணி. காற்று முழுவதும் குறுக்கே வீசுவதாகவே கொள்ள வேண்டும். இம்முறையில் சேலத்தின் கணக்கு 12.5 நாட் என வரும். உண்மையளவைவிட ஒரு நாட் கூடுதல். தவறினாலும் பாதுகாப்பின் பக்கமே தவறுகிறது. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் இதனை ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம்.

ஆனால் கணக்கு சரியாக இருப்பதற்குக் காற்றின் அளவு சரியாக இருக்க வேண்டும். வழக்கமான வானிலை அறிக்கையில் தரப்படும் காற்று, 10 நிமிடங்களின் சராசரி. திடீர் வீச்சு அச்சராசரியைவிட 10 நாட் அளவேனும் மிகுந்தால்தான் அறிக்கையில் தனியே குறிக்கப்படும். ஆகவே சராசரி 15 நாட் என்று கூறும் அறிக்கையின் பின்னால் 22 நாட் வீச்சு மறைந்திருக்கலாம். அறிக்கை அதைப் பற்றி வாய் திறவாது. சேலத்துப் பாதையில் அவ்வீச்சின் குறுக்குக் கூறு ஏறத்தாழ 17 நாட். அத்துடன் காற்று ஒரு திசையிலேயே நிற்பதுமில்லை. 270 பாகையிலிருந்து 290-க்கு ஊசலாடினால், வேகம் கூடாமலேயே குறுக்குக் கூறு 11.5-லிருந்து 14 நாட்டுக்கு ஏறிவிடும். குன்றுகளும் கட்டடங்களும் மரக்கூட்டங்களும் சூழ்ந்த இடத்தில் இவ்வூசலாட்டம் சாதாரண நிகழ்ச்சி. சராசரியை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பவர், ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டறிந்து நீந்தத் தெரியாமல் இறங்குபவரைப் போன்றவர்.

கைந்நூலில் உள்ள எண்

பயிற்சிப் பள்ளிகளில் பெருவழக்காக உள்ள செஸ்னா 172 விமானத்தின் கைந்நூலில் குறுக்குக் காற்றுக்கு 15 நாட் என்றும், அதனினும் சிறிய செஸ்னா 152-க்கு 12 நாட் என்றும் அச்சிடப்பட்டுள்ளன. இவ்வெண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். அவற்றின் முன்னால் நிற்கும் சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. 'செய்துகாட்டப்பட்ட' குறுக்குக் காற்று என்பதே அச்சொல். விமானத்தைச் சோதித்த காலத்தில், தேர்ந்த சோதனை விமானி ஒருவர் அவ்வளவு காற்றில் இறங்கிக் காட்டினார் என்பதற்கு மேல் அதில் வேறு பொருள் இல்லை. அதற்கு மேற்பட்ட காற்றில் இறங்கவே முடியாது என்று அது கூறவில்லை. அதைவிட முக்கியமாக, அதற்குட்பட்ட காற்றில் எவரும் இறங்கலாம் என்றும் கூறவில்லை.

அமெரிக்காவில் சிறு விமானங்களுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த சான்றளிப்பு விதி, விமானம் இறங்கும் நிலையில் தூக்குவிசையை இழக்கும் வேகம் எதுவோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு குறுக்குக் காற்றிலேனும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வேகம் 50 நாட் ஆயின் 10 நாட் காற்றில் காட்டினால் விதி நிறைவேறிவிடும். அதற்கு மேல் எவ்வளவு காட்டப்பட்டது என்பது, சோதனை நடந்த நாட்களில் எவ்வளவு காற்று கிடைத்தது என்பதையும் ஒருவாறு பொறுத்தது. ஆகவே இவ்வெண்ணை விமானத்தின் ஆற்றலுக்கு இடப்பட்ட எல்லைக்கல் என்று கொள்வது பொருந்தாது.

இச்சொல் மயக்கம் மாணவரோடு நிற்பதன்று. 2008 மார்ச் 1-ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நிலையத்தில் கடும்புயற்காற்றில் இறங்க முயன்ற ஏர்பஸ் ஏ-320 விமானத்தின் இடது இறக்கை முனை தரையில் உராய்ந்தது. விமானிகள் உடனே மீண்டும் எழும்பிச் சென்று, காற்றுக்கு ஏற்ற வேறொரு பாதையில் நலமாக இறங்கினர். அந்நிகழ்ச்சியை ஆராய்ந்த ஜெர்மானிய விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய குறைகளுள் ஒன்று, 'செய்துகாட்டப்பட்ட குறுக்குக் காற்று' என்ற சொற்றொடருக்குத் தெளிவான வரையறை இல்லாமையும், விமானிகள் அதை வெவ்வேறு பொருளில் கொண்டிருந்தமையும் ஆகும். பெரிய விமானத்தை ஓட்டும் தேர்ந்தவர்களிடையே இவ்வளவு மயக்கம் இருக்குமாயின், 30 மணி நேரம் பறந்த மாணவனிடம் அவ்வெண்ணை விளக்கமின்றிக் கொடுத்துவிடுவது முறையாகுமா?

இறங்கும் வேளையில் நடப்பது யாது?

பெருக்கெடுத்த ஆற்றைப் பரிசலில் கடப்பவர் எதிர்க்கரைத் துறைக்கு நேரே துழாவுவதில்லை. நீரோட்டம் இழுத்துச் செல்லும் என்று அறிந்து, சற்று மேல்நோக்கியே முகத்தைத் திருப்பித் துழாவுவார். விமானியும் அவ்வாறே மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி, பாதையின் நடுக்கோட்டிலேயே விமானம் நகரும்படி வருகிறார். இதனை நண்டுநடை என்பர். 65 நாட் வேகத்தில் வரும் விமானத்தின்மீது 11.5 நாட் குறுக்குக் காற்று வீசினால் மூக்கைச் சுமார் 10 பாகை திருப்ப வேண்டியிருக்கும்.

இந்நிலையிலேயே சக்கரங்கள் தரையைத் தொட்டால், அவை உருளும் திசை ஒன்றாகவும் விமானம் செல்லும் திசை வேறாகவும் இருக்கும். ஆதலால் தொடுவதற்குச் சற்று முன்னர் வாலிலுள்ள சுக்கானால் மூக்கை நேராக்க வேண்டும். நேராக்கியவுடன் காற்று பக்கவாட்டில் தள்ளத் தொடங்கும். அதைத் தடுக்கக் காற்றுப் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கை ஒன்றைச் செய்ய, கால் மற்றொன்றைச் செய்ய, கண் நடுக்கோட்டை விட்டு அகலாதிருக்க வேண்டிய சில விநாடிகள் அவை.

விமானத்தின் உண்மையான எல்லை இங்கேதான் உள்ளது. சுக்கானை முழுவதும் மிதித்த பின்னரும் மூக்கு நேராகவில்லை எனில், அக்காற்று அவ்விமானத்துக்கு மிகுதி என்பது உறுதி. இதைத் தரையருகே வந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை. இறங்குவரிசையில் போதிய உயரத்தில் இருக்கும்போதே இறக்கையைத் தாழ்த்தி மூக்கை நேராக்கிப் பார்த்துவிடலாம். சுக்கானில் மிச்சம் இருந்தால் தொடரலாம். இல்லையேல் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது மற்றொரு பிழை. சுக்கானின் வலிமை விமானத்தின் வேகத்தினது வர்க்கத்தைப் பொறுத்தது. 60 நாட் வேகத்தில் இருந்த பிடி, 30 நாட்டாகக் குறையும்போது நாலில் ஒரு பங்காகிவிடும். காற்றோ அவ்வாறு குறைவதில்லை. ஆகவே ஓடுபாதையில் ஓடி வேகம் தணியும் நேரமே சிறு விமானத்துக்கு நெருக்கடியான நேரம். வால்சக்கரம் கொண்ட விமானங்களில் இது மேலும் கடினம். அவற்றின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சிறிது திரும்பினாலும் பின்பாரம் முந்திக்கொண்டு வந்து விமானத்தைச் சுழற்றிவிட முனையும். பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலையில் உருவாகி 1951-இல் முதன்முதல் பறந்த எச்.டி.-2, 1958-இல் பறந்த புஷ்பக் ஆகிய பயிற்சி விமானங்கள் இவ்வகையின. அவற்றில் பயின்றவர்கள், விமானம் முற்றும் நிற்கும்வரை கால்களைத் தளர்த்தாத பழக்கத்தைப் பெற்றனர். நம் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் உருவாகி 1993-இல் பறந்த ஹன்ஸா போன்ற மூக்குச்சக்கர விமானங்கள் தாமே நேராக ஓட முனைபவை. இது நன்மையே, ஆனால் அந்நன்மையால் பழக்கம் கெட்டுவிடலாகாது.

வரம்பை வகுப்பது எப்படி?

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகிறது. விமானத்தின் எல்லை வேறு. விமானியின் வரம்பு வேறு. முன்னது பொறியியலாரால் ஆராயப்படுவது. பின்னது ஒவ்வொருவரும் தம் ஆசிரியரோடு அமர்ந்து வகுத்துக்கொள்ள வேண்டியது. அவ்வாறு வகுப்பதற்கு நான்கு நெறிகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, வரம்பு எண்ணாக எழுதப்பட வேண்டும். 'காற்று அதிகமாக இருந்தால் இறங்கேன்' என்பது வரம்பன்று. 'குறுக்குக் கூறு 7 நாட்டுக்கு மேற்பட்டால் இறங்கேன்' என்பதே வரம்பு. தனியே பறக்கத் தொடங்கும் மாணவர் கைந்நூலில் உள்ள எண்ணில் பாதியிலிருந்து தொடங்குவது தகும் என்பது என் கருத்து. ஆசிரியர் உடனிருக்க அதற்கு மேற்பட்ட காற்றில் பலமுறை இறங்கிய பின்னரே அதை ஒவ்வொரு நாட்டாக உயர்த்த வேண்டும். பல மாதம் பறக்காதிருந்தவர் அதைத் தாமே குறைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வீச்சையே கணக்கில் கொள்ள வேண்டும், சராசரியை அன்று. அறிக்கையில் வீச்சு குறிக்கப்படாவிடினும் ஓடுபாதை ஓரத்துக் காற்றுப்பை அதைக் காட்டும். பை ஒரே சீராக நின்றால் காற்று சீரானது. தாழ்ந்தும் எழுந்தும் திசை மாறியும் துடித்தால், எண் எதுவாயினும் அன்றைய காற்று முரடானது.

மூன்றாவது, வரம்பு தரையிலேயே முடிவு செய்யப்பட வேண்டும். எரிபொருள் குறைந்து, பொழுது சாய்ந்து, வீடு திரும்பும் விருப்பம் மேலோங்கி நிற்கும் வேளையில் மனம் எண்ணைத் தனக்கேற்ப வளைத்துவிடும். புறப்படு முன்னரே மாற்று நிலையம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதன் பாதை வேறு திசையில் அமைந்திருத்தல் நன்று. மேற்குக் காற்று மிகுந்த நாளில் 22-ஆம் பாதைக்கு மாற்றாக மற்றொரு 22-ஆம் பாதையைக் குறித்துக்கொள்வதால் பயனில்லை.

நான்காவது, திரும்பி எழும்புவதை இழுக்காகக் கருதலாகாது. 2020 ஆகஸ்டு 7-ஆம் நாள் கோழிக்கோட்டில் மழையிலும் பின்காற்றிலும் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 190 பேரில் 21 பேர் உயிரிழந்தனர். விமானம் பாதையில் தொடவேண்டிய பகுதியை வெகுவாகக் கடந்தே தொட்டது என்றும், திரும்பி எழும்புமாறு உடனிருந்த விமானி கூறியும் இறக்கம் தொடரப்பட்டது என்றும் 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது. அது குறுக்குக் காற்று நிகழ்ச்சி அன்று, விமானமும் சிறியதன்று. ஆயினும் பாடம் ஒன்றே. இறங்குவது என்ற முடிவு சக்கரங்கள் தொடும் வரையில் தற்காலிகமானது. திரும்புவது என்ற முடிவே எந்த நொடியிலும் செல்லுபடியாவது. ஹாம்பர்க் விமானிகள் அவ்வாறு திரும்பினர்; பயணிகள் அனைவரும் நலமாக இறங்கினர்.

மாற்றுக் கருத்துகள்

இவ்வளவு விவரம் எதற்கு, சட்டமே ஒரே எண்ணை விதித்துவிடலாகாதா என்று சிலர் கேட்கலாம். மாணவர் தனியே பறப்பதற்கு உச்சவரம்பு விதிப்பது நல்லதே. ஆனால் விதிக்கப்படும் எண் மீண்டும் இலக்காக மாறிவிடும் அபாயம் உண்டு. அனைவருக்கும் பொதுவான எண், திறமை குன்றியவருக்கு மிகுதியாகவும் தேர்ந்தவருக்குக் குறைவாகவும் இருக்கும். சட்டம் வெளிவேலி, தம் வரம்பு உள்வேலி. இரண்டும் வேண்டும்.

வேறு சிலர், மாணவர்களைக் காற்றடங்கிய விடியற்காலையில் மட்டும் பறக்கவிட்டால் ஆபத்தே இல்லை என்பர். தொடக்கத்தில் இது சரி. ஆனால் 200 மணி நேரமும் அமைதியான காற்றிலேயே கழிந்தால், உரிமம் பெற்றபின் முதல் ஆடிக்காற்றை அவர் பயணிகளுடன் சந்திக்க நேரும். குளத்திலேயே நீந்தப் பழகியவரைக் கடலில் இறக்குவது போன்றது அது. ஆசிரியர் அருகிருக்க, வரம்புக்கு உட்பட்டு, காற்றிலும் பழக்குவதே பயிற்சி.

ஒவ்வொரு நிலையத்திலும் குறுக்குப் பாதை ஒன்றும் போட்டுவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. பெருநகரங்களுக்கே அரிதாக வாய்ப்பது இது. விளைநிலத்தைக் கையகப்படுத்தி இரண்டாவது பாதை அமைக்கும் செலவில் பல பயிற்சிப் பள்ளிகளை நடத்திவிடலாம். பாதையைத் திருப்ப முடியாத இடத்தில் அறிவைத் திருத்துவதே மலிவான வழி.

பள்ளியில் செய்யத்தக்கது

பங்காருபாளையத்தில் விமான இறங்குதளம் இல்லை. ஆயினும் காற்று உண்டு, பள்ளி உண்டு. காற்றை அளந்து பதியும் பழக்கத்தை உண்டாக்க இவ்விரண்டும் போதும்.

கருவி இல்லாதவிடத்தும் காற்றின் வேகத்தை மதிப்பிடலாம். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பியூபோர்ட் வகுத்த அளவுமுறை இதற்குப் பயன்படும். இலைகளும் சிறு கொம்புகளும் ஓயாமல் அசைந்து, மெல்லிய கொடி விரிந்து பறந்தால் 7 முதல் 10 நாட். புழுதியும் காகிதமும் கிளம்பி, சிறு கிளைகள் ஆடினால் 11 முதல் 16 நாட். இலையடர்ந்த சிறுமரங்கள் முழுதும் ஆடத் தொடங்கினால் 17 முதல் 21 நாட். பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது கடினமானால் 22 முதல் 27 நாட். பள்ளியைச் சுற்றியுள்ள தோப்பே இங்கு கருவியாகிறது. களத்துமேட்டில் நெல் தூற்றுபவர் காற்றின் திசையை எவரிடமும் கேட்பதில்லை. அவ்வறிவை எண்ணாக மாற்றுவதே நாம் செய்ய வேண்டியது.

தலைமையாசிரியர் மைதானத்தில் ஒரு கம்பம் நாட்டி, துணியால் தைத்த காற்றுப்பை ஒன்றைக் கட்டலாம். மாணவர்கள் நாள்தோறும் காலை, நண்பகல், மாலை என மும்முறை திசையையும் பியூபோர்ட் எண்ணையும் குறித்துவரலாம். ஓராண்டில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பதிவுகள் சேரும். அவற்றை எட்டுத் திசைகளாகப் பிரித்து வரைந்தால் அவ்வூரின் காற்று மலர்ப்படம் கிடைக்கும். பின்னர் ஒரு வினா: இவ்வூரில் ஓடுபாதை அமைப்பதாயின் எத்திசையில் அமைப்பீர்? 10 நாட் வரம்புக்கு உட்பட்ட நேரம் 95 விழுக்காடு கிடைக்குமா? கோணமும் சைனும் விழுக்காடும் சராசரியும் ஒரே பயிற்சியில் வந்துவிடும். திருப்பதியின் 08/26 பாதையோடு தங்கள் விடையை ஒப்பிட்டு, வேற்றுமை இருந்தால் அதற்குக் காரணம் மலையா, கடலா என்று மாணவர்கள் வாதிக்கட்டும்.

களப்பணியாளர்களுக்கும் இப்பதிவு வீணாகாது. டிரோன் கொண்டு மருந்து தெளிக்கும் பணி இப்பொழுது வயல்களில் பரவிவருகிறது. எந்த நேரத்தில் தெளித்தால் மருந்து பக்கத்து வயலுக்கு அடித்துச் செல்லப்படும் என்பதற்கும் இதே குறுக்குக் கூறுதான் விடை தரும்.

பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரின் பதிவேட்டிலும், இறங்கிய எண்ணிக்கையோடு, ஒவ்வொரு முறையும் சந்தித்த குறுக்குக் கூற்றையும், இறங்காமல் திரும்பிய முறைகளையும் எழுதும் பத்திகள் சேர்க்கப்பட வேண்டும். திரும்பிய முறை பதிவேட்டில் இடம்பெற்றால், அது தோல்வியின் கணக்கில் அன்றி அனுபவத்தின் கணக்கில் சேரும். அப்பொழுது மாணவரின் வரம்பு அவர் நேரில் அறிந்த காற்றிலிருந்து எழும். எவரோ ஒருநாள் செய்துகாட்டிய எண்ணிலிருந்து அன்று.